ஜிம் வாசலில் கேட்கப்படாத கேள்விகள்

உடற்பயிற்சி செய்யுங்கள் என்று வெளிநோயாளர் பிரிவில் நாள்தோறும் பலரிடம் சொல்பவர்கள் நாங்கள். சர்க்கரை நோயாளிக்கும், இரத்த அழுத்தம் உடையவருக்கும், உடல் பருத்தவருக்கும் மருந்துச் சீட்டின் அடியில் அதை எழுதியும் தருகிறோம். அவ்வாறிருக்க, உடற்பயிற்சிக் கூடங்களால் நேரக்கூடிய தீங்குகளைப் பற்றி நாங்களே எழுதப் புகுவது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். முரண் ஏதுமில்லை. மாத்திரைக்கு அளவு இருப்பதைப் போலவே பயிற்சிக்கும் அளவு உண்டு. ஒரு மாத்திரையை எழுதுமுன் வேறு என்ன மருந்து உட்கொள்கிறீர்கள், முன்பு என்ன நோய் இருந்தது, வீட்டில் யாருக்கேனும் இதய நோய் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். ஜிம்மில் சேர வருபவரிடமோ, பெரும்பாலான இடங்களில், கட்டணம் மாதத்துக்கா ஆண்டுக்கா என்ற ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. எங்கள் குறை அதைப் பற்றியதே.

சிறுநீரகப் பிரிவினருக்கும் ஜிம்முக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. எங்களிடம் வருபவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர். அதுவரை எந்த நோயும் அறியாதவர். திருமணத்துக்கு இரண்டு மாதங்களே இருக்கின்றன, அல்லது காவலர் பணித் தேர்வின் உடற்தகுதிச் சுற்று நெருங்கிவிட்டது. பல ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்தே வேலை பார்த்த உடலை ஒரே நாளில் வழிக்குக் கொண்டுவர எண்ணி, சேர்ந்த அன்றே தோளில் எடை சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சியைக் கணக்கின்றிச் செய்கிறார். அருகிலிருப்போர் உற்சாகமூட்டுகின்றனர். மறுநாள் தொடையில் கடும் வலி. முதலில் வலிக்கத்தான் செய்யும் என்கிறார் பயிற்சியாளர். அது பெரும்பாலும் உண்மையே என்பதால்தான் அடுத்து வருவதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவரால் படியிறங்க முடிவதில்லை; தொடை வீங்கி இறுகிவிடுகிறது; சிறுநீர் பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் போகிறது.

இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். தமிழில் தசைச் சிதைவு எனலாம். பழக்கமில்லாத தசை அளவுக்கு மீறி உழைக்கும்போது அதன் இழைகள் உடைந்து, உள்ளிருக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் மயோகுளோபின் என்னும் நிறமிப் புரதம் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைத்தும் நச்சாக்கியும் பாழாக்குகிறது. பொட்டாசியம் உயர்ந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். தசை நொதியாகிய சிகே இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 அலகுக்குள் இருப்பது இயல்பு. இந்நோயில் அது 50,000ஐயும் தாண்டக்கூடும். சிறுநீரைச் சோதனைத் தாளில் தோய்த்தால் இரத்தம் இருப்பதாகக் காட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுவைக் காண்பது அரிது. அந்தப் பொருத்தமின்மையே எங்களுக்கு முதல் துப்பு.

1941இல் லண்டனில், விமானக் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் அடியில் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்களுக்குச் சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்னும் இரு மருத்துவர்கள் விவரித்தனர். இடிபாடு தசைக்குச் செய்ததையே அளவற்ற பயிற்சியும் செய்ய வல்லது. உரிய நேரத்தில் வந்துவிட்டால் இரத்தக்குழாய் வழியே உப்பு நீர் செலுத்தி பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடுகிறோம். தாமதித்து வரும் சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. அவர்களிலும் பலருக்குச் சிறுநீரகம் சில வாரங்களில் மீள்கிறது. எனினும் உடலை வலுப்படுத்தப் போன ஒருவர் கழுத்தில் டயாலிசிஸ் குழாயுடன் படுத்திருப்பதும், அவருடைய தாய் வெளியே அமர்ந்து, ஜிம்முக்குத்தானே போனான் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதும் எளிதில் மறக்கக்கூடிய காட்சிகள் அல்ல.

இடைப்பட்ட அந்த இரண்டு நாள்களில் வீட்டில் நடப்பவையே பல நேரங்களில் நிலைமையை மோசமாக்குகின்றன. வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போடுகின்றனர். உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சிறுநீர் கறுத்துப் போவதைக் கண்டு, சூடு பிடித்துவிட்டது என்று இளநீரை மேன்மேலும் குடிக்கத் தருகின்றனர். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. உடைந்த தசையிலிருந்து ஏற்கெனவே பொட்டாசியம் பெருகிக்கொண்டிருக்கும் உடலுக்கு அது ஆகாது. அன்போடு தரப்படுவதாயினும் அந்த நேரத்தில் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம், குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படலாம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உட்கொள்பவர்கள், காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்தவர்கள், முந்திய இரவு மது அருந்தியவர்கள் ஆகியோருக்குத் தசைச் சிதைவு நேரும் வாய்ப்பு கூடுதல். ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்த வேண்டியதில்லை. அதை உட்கொள்வதைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு மெதுவாகத் தொடங்கினால் போதும். வெப்பமும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். சாளரமற்ற அறையில், மே மாத மாலையில், வியர்வை வடிய வடிய ஓடினால்தான் கொழுப்பு கரையும் என்று சிலர் நம்புகின்றனர். வியர்வையில் போவது நீரும் உப்புமே.

இனி இதயம். சிறுநீரகத்தைப் பற்றி எவரும் எங்களிடம் கேட்பதில்லை. மாரடைப்பைப் பற்றி எல்லோரும் கேட்கின்றனர். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் காலமானபோது, அன்று காலையில் அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற செய்தி பலரையும் அச்சுறுத்தியது. 2022 ஆகஸ்ட் 10 அன்று தில்லி ஜிம் ஒன்றில் டிரெட்மில்லில் ஓடுகையில் மயங்கி விழுந்த நகைச்சுவைக் கலைஞர் ராஜு ஸ்ரீவாஸ்தவ், செப்டம்பர் 21 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையில் உயிர்நீத்தார். இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் ஜிம்மை விட்டு நின்றுவிடுவோர் சிலர். பிள்ளைகளை நிறுத்திவிடும் பெற்றோர் பலர்.

இங்கே ஓர் ஆய்வை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். மாரடைப்பிலிருந்து பிழைத்த 1,228 பேரை அமெரிக்காவில் நேர்கண்டு 1993இல் வெளியிடப்பட்டது அது. கடும் உழைப்பில் ஈடுபட்ட ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு தொடங்கும் வாய்ப்பு, மற்ற நேரங்களைவிட எத்தனை மடங்கு கூடுகிறது என்று கணக்கிட்டனர். வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ கடுமையாக உடலை வருத்திப் பழகியவர்களுக்கு அது 2.4 மடங்கு. வாரத்துக்கு ஒரு முறைகூட அவ்வாறு வருத்திப் பழகாதவர்களுக்கு 107 மடங்கு. எந்த ஒரு மணி நேரத்திலும் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகச் சிறியது. ஆதலால் அதன் 107 மடங்கும் பலர் அஞ்சும் அளவுக்குப் பெரியதன்று. ஆயினும் இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பாருங்கள். டிரெட்மில்லும் எடையும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆபத்தை வேறுபடுத்துவது பழக்கமின்மையே. 2.4 என்பது பூஜ்யம் அன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பல ஆண்டு பழகியவருக்கும் மார்பில் அழுத்தம், இடக்கை கனத்தல், காரணமற்ற மூச்சுத்திணறல் தோன்றினால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. இன்னும் ஒரு சுற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு ஜிம்மில் சேரலாமா என்று கேட்கின்றனர். மருத்துவமனை இதழில் இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம்; எனினும் சொல்கிறோம். நோய்க்குறி ஏதுமில்லாத 25 வயது இளைஞருக்கு அடுக்கடுக்கான பரிசோதனைகள் தேவையில்லை. ஈசிஜி இயல்பாக இருந்தால் இதயக்குழாயில் அடைப்பே இல்லை என்று பொருளாகாது. டிரெட்மில் பரிசோதனை கூட, இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குறுகிய குழாயைத்தான் காட்டிக்கொடுக்கும். மாரடைப்புகளில் பல, அவ்வளவு குறுகாத இடத்திலுள்ள கொழுப்புத் திட்டு திடீரென வெடிப்பதால் வருபவை. தாள்களில் எல்லாம் இயல்பு என்று கண்டுவிட்டு முதல் நாளே முழு வேகத்தில் ஓடுவது, பரிசோதனையே செய்யாமல் மெல்லத் தொடங்குவதைவிட ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உடையவர், புகைப்பவர், தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்தவர் ஆகியோரின் நிலை வேறு. அவர்கள் தம் மருத்துவரைக் கண்ட பின்பே கடும் பயிற்சியில் இறங்க வேண்டும்.

எடை தூக்குவதைப் பற்றித் தனியே ஒரு சொல். மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, பேரெடையைத் தள்ளும் கணத்தில் இரத்த அழுத்தம் எவ்வளவு உயரும் தெரியுமா? 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தேர்ந்த உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்தனர். இரு காலாலும் எடையைத் தள்ளுகையில் சராசரி 320/250 இருந்தது. சில நொடிகளில் இறங்கிவிடும் அழுத்தந்தான். நல்ல உடல் தாங்கிக்கொள்ளும். ஆனால் இரத்த அழுத்தம் இருப்பதையே அறியாதவருக்கோ, மூளைக் குழாயில் பலவீனம் உள்ளவருக்கோ, சர்க்கரையால் விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்தவருக்கோ அச்சில நொடிகள் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஜிம்மில் உங்களுக்கு அருகில் எடை தூக்குபவர் அவர்களுள் ஒருவராக இருப்பது அரிதன்று. கண் பரிசோதனை செய்துகொள்ளாத சர்க்கரை நோயாளி பேரெடை தூக்கலாகாது. தள்ளும்போது மூச்சை வெளியே விடக் கற்றுத்தராத பயிற்சியாளரிடம் எவருமே எடை தூக்கலாகாது.

இன்சுலினோ சல்ஃபொனில்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. பயிற்சியின்போது மட்டுமன்றி, அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே ஓடினால் மருந்து விரைவாக உறிஞ்சப்படும். கால் மரத்தவர்கள் டிரெட்மில்லை விட்டு இறங்கியதும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும்; கொப்புளம் வலிக்காது என்பதே அவர்களின் ஆபத்து. டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஃபிஸ்டுலா உள்ள கையின்மீது எடை அழுந்தும்படி வைக்கக் கூடாது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்குக் கனமான எடையால் குடலிறக்கம் வரும். முழங்கால், தோள், இடுப்புத் தண்டு ஆகியவற்றின் காயங்களை எலும்பியல் பிரிவினர் எங்களைவிட நன்கு எழுதுவர். பிறர் வியர்வை படிந்த விரிப்பில் படுத்துப் படர்தாமரை வாங்கிவருவோரைத் தோல் பிரிவினரிடம் கேளுங்கள். சொந்தத் துண்டு ஒன்று போதும் என்பார்கள்.

எங்களை உண்மையில் கலங்கச் செய்வது பயிற்சி அன்று, அங்கே விற்கப்படுபவை.

புரதப் பொடியிலிருந்து தொடங்கலாம். நலமான சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும் என்று சொல்ல எங்களிடம் வலுவான சான்றில்லை. ஆகவே அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனால் சிறுநீரக நோயின் தொடக்க நிலையில் எந்தக் குறியும் இராது. தமக்கு அது இருப்பதை அறியாதவரே மிகுதி. அவருக்கு அதிகப் புரதம் தீங்கே. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு; பருப்பிலும் சுண்டலிலும் மீனிலும் தயிரிலும் உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்பதை வாங்கியவரும் அறியார், பல நேரம் விற்றவரும் அறியார். கிரியேட்டின் என்னும் பொடியை உட்கொள்பவர்களுக்கு இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சற்றே உயர்ந்து காணலாம். சிறுநீரகம் பழுதாகாமலேயே அறிக்கை அச்சுறுத்தும். பொடி உட்கொள்வதை எங்களிடம் சொன்னால் வீண் கவலையும் மறுபரிசோதனையும் மிஞ்சும்.

பொடிக்கு அடுத்த படி ஊசி. டெஸ்டோஸ்டிரோன், நான்ட்ரோலோன் போன்ற அனபாலிக் ஸ்டீராய்டுகள் தசையைப் பெருக்குவது மெய். விரைகள் சுருங்குவதும், விந்தணு குறைவதும், மார்பு பெண்மார்பு போல வளர்வதும், கல்லீரல் கெடுவதும், இதயச் சுவர் தடிப்பதும் அதே அளவுக்கு மெய். 2010இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள், நெடுநாள் இவற்றைப் பயன்படுத்திய 10 உடற்கட்டு வீரர்களின் சிறுநீரகத் திசுவை ஆராய்ந்து, அவர்களில் 9 பேருக்கு வடிகட்டிகளில் தழும்பு விழுந்திருப்பதைக் கண்டனர். ஊசியை நிறுத்தியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போவது குறைந்தது. மீண்டும் தொடங்கிய ஒருவருக்கு நோய் கடுமையாகத் திரும்பியது. குழந்தைப்பேற்றுக்காகச் சிகிச்சை பெற வரும் தம்பதியரில் மனைவிக்குப் பரிசோதனைக்கு மேல் பரிசோதனை நடந்துகொண்டிருக்க, கணவரின் ஜிம் ஊசியைப் பற்றி யாருமே கேட்டிராத கொடுமையும் நேர்கிறது. (ஆஸ்துமாவுக்கும் சிறுநீரக அழற்சிக்கும் நாங்கள் எழுதித் தரும் ஸ்டீராய்டு முற்றிலும் வேறு இனம். இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.)

அண்மைக் காலத்தில் எங்களுக்கு அச்சமூட்டுவது மெஃபென்டெர்மின். சிசேரியன் அறுவைக்கு முதுகில் ஊசி போட்டபின் இரத்த அழுத்தம் தாழ்ந்தால் அதை உயர்த்த மயக்கவியல் மருத்துவர் கையாளும் மருந்து அது. கண்காணிப்புக் கருவியைப் பார்த்தபடி சிறிது சிறிதாகச் செலுத்தப்படுவது. அதை ஜிம்மின் கழிவறையில் தாமே போட்டுக்கொண்டு எடை தூக்க வருகின்றனர். களைப்பு தெரியாது, தெரியாததுதான் ஆபத்து. நாடி பறக்கும், அழுத்தம் எகிறும். தொடர்ந்து போடுவோர் அதற்கு அடிமையாகி உறக்கமிழந்து, பிறர் தம்மைக் கொல்ல வருவதாகச் சந்தேகிக்கும் நிலைவரை சென்றிருக்கின்றனர்.

இவற்றை யார் அறிமுகப்படுத்துகிறார்கள் என்று கேட்டால், தயக்கத்துக்குப் பின் வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: கூடத்தில் உள்ளவர்கள். எல்லாப் பயிற்சியாளரையும் குற்றஞ்சாட்டுவது எங்கள் நோக்கமன்று. வருபவரின் மூட்டையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துப் பழக்கும் நல்லவர்களை அறிவோம். அவர்களிடம் எங்கள் நோயாளிகளை அனுப்பியும் வைக்கிறோம். ஆனால் பயிற்சி எழுதித் தருபவரே பொடி விற்பவராகவும் இருக்கலாகாது. மருத்துவர் தம் மேசையிலேயே மருந்துக்கடை வைத்து, டப்பாவுக்கு இவ்வளவு என்று பங்கு பெற்றால் நீங்கள் பொறுப்பீர்களா? பழைய தேகப்பயிற்சிச் சாலைகளில் தண்டாலும் பஸ்கியும் மாதக்கணக்கில் பழகிய பின்பே வாத்தியார் கர்லாக்கட்டையைக் கையில் தருவார். அங்கும் குடலிறக்கமும் தோள் விலகலும் நேர்ந்ததுண்டு. ஆயினும் மாணாக்கனை அவசரப்படுத்துவதால் அவருக்கு வருமானம் ஏதும் கூடிவிடவில்லை.

உடற்பயிற்சிக் கூடம் நடத்துவோரிடம் நாங்கள் வேண்டுவது பெரிதொன்றும் அன்று. கனடாவில் உருவாகிப் பல நாடுகளில் வழங்கும் 7 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு: இதய நோய் இருக்கிறதா, உழைக்கையில் மார்பு வலிக்கிறதா, சும்மா இருக்கையிலும் வலிக்கிறதா, மயக்கம் வருகிறதா, மூட்டில் தொல்லையா, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து உண்டா, வேறு காரணம் ஏதேனும் உண்டா என்ற அளவே. தமிழில் ஒரு பக்கத்தில் அடங்கும். கட்டணம் வாங்குமுன் அதை நிரப்பச் செய்யலாம். ஒன்றுக்கேனும் ஆம் என்று வந்தால் மருத்துவரின் கடிதத்தோடு வரச் சொல்லலாம். எல்லா நேரமும் நெஞ்சழுத்த முதலுதவி தெரிந்த ஒருவர் இருக்கட்டும். ஏஇடி என்னும் மின்னதிர்ச்சிக் கருவி ஒன்றும் சுவரில் இருக்கட்டும். ஒரு டிரெட்மில் வாங்க வசதி உள்ளவர்களுக்கு இது எட்டாததன்று. பேரெடை தூக்குபவர் அருகில் துணைக்கு இருவர் நிற்கட்டும். பாதுகாப்புத் தண்டுகளும் பொருத்தப்பட்டிருக்கட்டும். 2025 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிகானேரில் 17 வயது வீராங்கனை ஒருவர், பயிற்சியாளர் உடனிருந்தும், 270 கிலோ எடை கழுத்தில் விழுந்து இறந்தார்.

குடும்பத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜிம்முக்குப் போகும் பிள்ளை வலி என்று படுத்தால் சோம்பல் என்று ஏசாமல் சிறுநீரின் நிறத்தை மட்டும் கேளுங்கள். கறுத்திருந்தால் இரவா பகலா என்று பாராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வரும்போது அவருடைய பையிலுள்ள பொடி டப்பா, மாத்திரை, குப்பி ஆகிய அனைத்தையும் எடுத்து வாருங்கள். பெயர் ஒட்டாத குப்பியாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் முன்னிலையில் சொல்ல அவர் கூசக்கூடும். நாங்கள் உங்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னால் வருந்தாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி அவர் மறைக்கும் ஓர் ஊசியின் பெயர்தான் அந்த இரவில் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது.